ஈறக் கழிவு

ஒரசோலைக் கொள்முதல் கொட்டகையில்
பச்சைத்தேயிலை மூட்டை தராசில் ஏறுகிறது.
திரையில் கோவைக் கம்பெனியின் பெயர்,
சுழலும் நீல மலை ஒன்று,
கீழே பொடி எழுத்தில்:
அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை.
கிர்ரென்று ரசீது வருகிறது.
மொத்தம் நாற்பத்தொரு கிலோ.
ஈறக் கழிவு நாலரை.

ஈறம்.
வல்லின ற.
அது என் ற.

மூன்று வருஷத்துக்கு முன், கோத்தகிரியில்
மொபைல் ரிப்பேர் கடை மாடியில்
மழை விடாத ஓர் ஆனி மாதம் முழுக்க
இன்வெர்ட்டர் கூவக் கூவ நான் தட்டியது.
பெயரை மாற்றினார்கள். நிறத்தை மாற்றினார்கள்.
உச்சியில் என் பெயர் இருந்த வரிகளை வழித்தெறிந்தார்கள்.
பிழையை மட்டும் பத்திரமாகக் குடிவைத்தார்கள்.
திருடனுக்கு எழுத்து தெரியவில்லை,
எனக்கும்தான்.

எடுத்துக்கொள் என்றுதான் போட்டேன்.
மாற்றிக்கொள், விற்றுக்கொள் என்றும்தான்.
அவர்கள் காசு பார்த்ததில் எனக்கு வழக்கில்லை.
ஒரே நிபந்தனை:
நீ உள்ளே வந்தபோது கதவு திறந்திருந்தது,
அடுத்தவன் வரும்போதும் திறந்திருக்கட்டும்.

'சும்மா கொடுத்ததுதானே தம்பி?' என்கிறார்
தராசுக்காரர் போஜன்.
சும்மா என்றதும் எல்லோருக்கும் மிக்ஸி ஞாபகம்,
கிரைண்டர், ஃபேன்.
இலவசம் வேறு, கட்டற்றது வேறு அண்ணே.
கொடுத்த மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தவர் உண்டா?
நான் பார்த்தேன்.
அதனால்தான் இப்படி ஆனேன்.

சட்டத்தைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.
பாதிதான் திட்டுவேன்.
என் ஆயுள் முழுக்க, செத்த பிறகும் அறுபது வருஷம்
இந்த எடைக் கணக்குக்குக் காவலாம்.
தராசே பத்து வருஷம் தாங்காது.
நான் எழுதிய மொழியின் பதிப்பு இப்போதே கிழடு.
பிணத்துக்கு எதற்கடா வாட்ச்மேன்?

மீதிப் பாதி இது:
பூட்டுக்காரனின் அதே சட்டத்தை வைத்துத்தான்
கதவைச் சாத்தாதே என்று பூட்டியிருக்கிறேன்.
அது இல்லையென்றால் என் நிபந்தனை
வெறும் கெஞ்சல்.
காப்பு என்றால் காவல்.
காப்பு என்றால் வளையல்.
போலீஸ் ஸ்டேஷனில் காப்பு என்றால் வேறு.
மூன்றும் ஒரே சொல்லாய் இருப்பது
தமிழ் தெரிந்தே செய்த குறும்பு.

குன்னூர் வக்கீல் எஸ்தர் கேட்டார்:
'நோட்டீஸ் விடலாம். உங்களுக்கு என்ன நஷ்டம்?'

எனக்கு ஒன்றுமில்லை மேடம்.
நான் எழுதியதில் கழிவு
நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது.
ஏன் என்று அந்த வரிக்கு மேலேயே குறித்திருந்தேன்.
இப்போது பதினொன்று.
பனி கொட்டினாலும் பதினொன்று,
வெயில் காய்ந்தாலும் பதினொன்று.
எந்த வரியில் ஏறியது, யார் ஏற்றியது,
பார்க்க வழியில்லை, மூடியாயிற்று.
நஷ்டம் மூட்டை மூட்டையாய்ப் போகிறது.
யார் பெயரில் போடுவீர்கள் நோட்டீஸை?

அவர் பேனாவை மூடினார்.
திறந்தார்.

நேற்று கொட்டகையில்
ரசீதின் முதுகில் என் பழைய வரிகளைக்
கையால் எழுதிக் காட்டினேன்.
ஐந்துக்கு மேல் போனால் ஐந்தென்றே வை.
நஞ்சி மூட்டையை இறக்கிவிட்டு
விரலை ஓட்டிப் படித்தாள்.
'இவ்வளவுதானா? இதையா ஒளிக்கிறான்?'
பிறகு என் பேனாவைப் பிடுங்கி
ற-வை அடித்து ர போட்டாள்.

திருத்தம் ஏற்கப்பட்டது.
இரவே பதிவேற்றினேன்.
பங்களித்தோர் பட்டியலில் இரண்டாம் பெயர்:
நஞ்சி, ஒரசோலை.

எஸ்தர் மேடம் போனில் கத்துகிறார்:
'அந்தப் பிழைதானே ஐயா நம்முடைய சாட்சி!'

பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது மேடம்,
தேதியோடு, மணியோடு, என் அசட்டுத்தனத்தோடு.
நாங்கள் எதையும் அழிப்பதில்லை.

ஒரசோலையில் இந்நேரம் அடுத்த மூட்டை ஏறியிருக்கும்.
நாற்பத்து மூன்று.
ஈறம்,
இன்னும் ற-வோடு.